பேதிக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்

நம் ஊரில் அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்று கேட்டுப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் திடீரென்று ஊருக்குப் போயிருப்பார். அதே எதிர்வீட்டுக்காரரிடம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மாதுளம்பழத் தோல் இருக்கு பாருங்க..." என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒரு குழந்தையின் வயிறு பற்றி அபிப்பிராயமே இல்லாத தமிழனை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணம் ஆகாதவர்கள் இன்னும் உறுதியாகச் சொல்வார்கள். ஃபேமிலி வாட்ஸப் குரூப்பில் ஆறு மாசமாக மூச்சுவிடாத பெரியப்பா, இதற்கு மட்டும் மூன்று நிமிஷத்தில் பதில் போடுவார். அதுவும் வாய்ஸ் மெசேஜ்.

நான் டாக்டர் இல்லை. சாதாரண பி.காம். படித்ததெல்லாம் பற்று, வரவு, தேய்மானம். இருந்தாலும் பேதி என்பது மருத்துவத்தைவிடக் கணக்குப் பதிவியலுக்கு நெருக்கமான சமாச்சாரம் என்பது என் கட்சி. எவ்வளவு வெளியே போச்சு, எவ்வளவு உள்ளே வந்தது. பேதியில் ஒரு குழந்தையின் உயிர் போகிறதென்றால், பெரும்பாலும் அது கிருமி நேரடியாகக் கொல்வதால் இல்லை. தண்ணீரும் உப்பும் போன வேகத்துக்குத் திரும்பி வராததால்தான். கணக்கு டேலி ஆகவில்லை, அவ்வளவுதான்.

இதில் மூலதனம் என்று ஒன்று இருக்கிறது, கவனியுங்கள். உங்கள் எடை எழுபது கிலோ. வயிறு கெட்டு ஒரு லிட்டர் தண்ணீர் போனால், ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் மோர்சாதம் சாப்பிட்டால் சரியாகிவிடும். பத்து கிலோ குழந்தைக்கு அதே ஒரு லிட்டர் போனால், எடையில் பத்தில் ஒரு பங்கு அவுட். டாக்டர்கள் அதைத் தீவிர நீரிழப்பு என்பார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலைமை. பெரிய கம்பெனிக்கு லட்ச ரூபாய் நஷ்டம் என்றால் வருஷாந்திர அறிக்கையில் ஒரு வரி. பெட்டிக்கடைக்கு அதே லட்சம் என்றால் மஞ்சள் கடுதாசி. குழந்தை பெட்டிக்கடை, ஸார்.

* * *

2024 மழைக்காலத்தில் ஒருநாள் ராத்திரி பத்தே முக்கால். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பன் போன் பண்ணினான். குரலே சரியில்லை.

"டேய், பையன் சாயங்காலத்திலேர்ந்து எட்டுத் தடவை போயிட்டான். ரெண்டு வாட்டி வாந்தி வேற."

"டாக்டருக்குப் போன் பண்ணினியா?"

"பண்ணினேன். ஓ.ஆர்.எஸ். குடுங்க, யூரின் போறானான்னு பாருங்க, நடுவுல துவண்டுட்டா கேஷுவால்ட்டிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க, இல்லேன்னா காலைல வாங்கன்னார். ஆனா இங்க வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் குடுக்க விட மாட்டேங்கறாங்கடா. நீ கொஞ்சம் வாயேன்."

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற நண்பர்கள் இன்னும் நாலைந்து பேர் மிச்சம் இருக்கிறார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாலில் ஒரு மந்திரிசபையே கூடியிருந்தது. நடுவில் நண்பனின் மனைவி மடியில் பையன். ஒன்றேகால் வயசு. ஒன்பது கிலோ. வழக்கமாக என்னைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்க வருகிறவன், அன்றைக்குப் பார்த்துவிட்டு அப்படியே தலையை அம்மா தோளில் சாய்த்துக்கொண்டான். எனக்கு அதுதான் என்னவோ செய்தது.

நண்பனின் அம்மா உள்துறை. "தண்ணி ஊத்த ஊத்தப் போயிட்டேதான்டா இருக்கும். வயித்தைக் காயப் போடணும்" என்றார். கேட்பதற்கு இதில் லாஜிக் இருப்பதுபோலத்தான் தெரியும். குழாய் ஒழுகினால் மாடியில் டாங்கி வால்வை மூடுவதில்லையா? ஆனால் இங்கே டாங்கி என்பது குழந்தையின் ரத்தம். பேதி என்பது நாம் வாயில் கொடுத்த தண்ணீர் அப்படியே கீழே இறங்குவது இல்லை. உடம்பே தன் கையிருப்பை எடுத்துக் குடலுக்குள் கொட்டுகிறது. வாயை மூடினால் வரவுதான் நிற்கும், செலவு நிற்காது.

மாமனார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஃப்யூஸைப் பிடுங்கிப் பழகிய கை. "எனக்குப் போன மாசம் எழுதிக்குடுத்த மாத்திரை இருக்கு மாப்பிள்ளை. பட்டுனு நிறுத்திடும். கால் மாத்திரையா உடைச்சுத் தேன்ல குழைச்சு..." என்று சட்டைப்பையைத் தடவினார். பெரியவர்களுக்குத் தரும் பேதி நிறுத்தும் மாத்திரை குடலின் ஓட்டத்தையே கட்டிப்போடுகிற சரக்கு. சின்னக் குழந்தைக்குக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொள்ளலாம், மயக்கம் வரலாம், இன்னும் மோசமாகவும் ஆகலாம். டாக்டர்கள் குழந்தை பக்கமே அதைக் கொண்டு போக மாட்டார்கள். நல்லவேளை, பெரியவருக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை.

மாடி வீட்டு மாமி, "பல்லு முளைக்கறது. என் பேரனுக்கும் இப்படித்தான்" என்று கேஸை ஒரே வரியில் தள்ளுபடி செய்தார். பாவம் பல். ஆறு மாசத்தில் ஆரம்பித்து இரண்டு இரண்டரை வயசு வரை குழந்தைக்கு ஏதாவது ஒரு பல் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த வயசில் தரையில் கிடப்பதையெல்லாம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேயும் இருக்கும். பழி மட்டும் பல்லுக்கு!

உரைமருந்தில் ஜாதிக்காயைக் கூடுதலாக ரெண்டு இழைப்பு இழைத்துப் புகட்டினால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று இன்னொரு யோசனை வந்தது. இதுதான் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. துவண்டால் தூக்கிக்கொண்டு வா என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தூக்க மருந்து மாதிரி எதையாவது கொடுத்துவிட்டு, குழந்தை தூங்குகிறதா துவண்டு கிடக்கிறதா என்று யார் கண்டுபிடிப்பது?

இதற்கு நடுவே நண்பன் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வெற்றியோடு திரும்பினான். கையில் அட்டை டப்பா. ஆரஞ்சுப் படம். பெயரிலேயே கொட்டை எழுத்தில் ஓ.ஆர்.எஸ். வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். ஃபார்முலா அல்ல.

முன்பக்கம் ஆமாம், பின்பக்கம் இல்லை! வாங்கி வந்தவன் யார்? இன்ஷூரன்ஸ்காரன். பாலிசியில் குட்டி எழுத்து இருப்பதையே வைத்து வயிறு வளர்க்கிற இனம். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம், கடைக்காரரே அதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மறுபடி ஓடி, ஷட்டர் பாதி இறங்கிய கடையில் பவுடர் பாக்கெட் வாங்கி வந்தான். முன்னதில் பாதி விலைகூட இல்லை.

அதிலும் ஒரு கண்டம் இருந்தது. ஒரு டம்ளர் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கொட்டப் போனான். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் சுமார் இருபது கிராம் இருக்கும். ஒரு டம்ளருக்கென்றே, 200 மில்லிக்கு, குட்டி பாக்கெட்டும் விற்கிறார்கள். பார்க்க ரெண்டும் அண்ணன் தம்பி. பெரிய பாக்கெட்டை டம்ளரில் கரைத்தால் உப்பு ஐந்து மடங்கு. நீரிழப்பில் கிடக்கும் குழந்தைக்கு அது விஷப்பரீட்சை. எந்த பாக்கெட், எத்தனை தண்ணீர் என்பது அதன் முதுகிலேயே அச்சடித்திருக்கும். நண்பனின் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய், காய்ச்சி ஆறிய தண்ணீரை ஒரு லிட்டர் பாட்டிலில் கழுத்துவரை பிடித்து வந்தாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் கணக்கில் புலி என்று எனக்கு முன்னாலேயே சந்தேகம் உண்டு.

முழு பாக்கெட், முழு லிட்டர். ருசிக்கு என்று சர்க்கரை, எலுமிச்சம்பழம், பால் எதுவும் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதுசு.

இனிமேல்தான் வேலை. குழந்தை டம்ளரில் மடக் மடக்கென்று குடித்தால் அடுத்த நிமிஷம் அதே வேகத்தில் வாந்தி எடுத்துவிடும். ஸ்பூன்தான் ஆயுதம். ஒரு டீஸ்பூன். ரெண்டு நிமிஷம். இன்னொரு டீஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் சும்மா இருந்துவிட்டு, மறுபடி இன்னும் நிதானமாக. ஸ்பூனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று மாமனார் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஸ்பூன் ஒன்றுக்கு 5 மில்லி. மணிக்கு 30 ஸ்பூன். 150 மில்லி. நாலு மணி நேரத்தில் 600 மில்லி. ஒன்பது கிலோ பையனுக்கு இது சில்லறைத் தொகை இல்லை. மனிதர் மீட்டர் ரீடிங் எடுத்த ஞாபகத்தில் கப்சிப்.

நண்பன் ஆபீஸ் டைரியில் ஒரு பக்கத்தை ரெண்டாகக் கோடு போட்டான். இடது பக்கம் பேதி, வாந்தி. வலது பக்கம் ஸ்பூன். ஒவ்வொன்றுக்கும் மணி. கீழே தனியாக 'யூரின்' என்று எழுதி அடிக்கோடு. முதல் அரை மணியில் ஒரு வாந்தி; நண்பனின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். மாமியார், மாமனார் பார்வைகளுக்கு நடுவில் அந்தப் பெண் குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க, நண்பன் முட்டி போட்டு உட்கார்ந்து ஸ்பூன் போட்டான். செல்போனில் ரெண்டு நிமிஷ அலாரம். பன்னிரண்டு. பன்னிரண்டரை. ஒரு மணி. மாடி மாமி கொட்டாவி விட்டுக்கொண்டே போய்விட்டார். தாய்ப்பால் இன்னும் குடிக்கிற பையன். நடுநடுவே அதுவும் நடந்தது. அதை நிறுத்தவே கூடாது.

ராத்திரி ரெண்டு இருபதுக்கு நண்பனின் லுங்கி நனைந்தது.

"யூரின்! யூரின்!" என்று அவன் போட்ட கூச்சலில் மாமனார் சோபாவிலிருந்து எழுந்து திருடனோ என்று டார்ச்சைத் தேடினார். புரமோஷன் ஆர்டர் வந்தபோதுகூட அவன் அத்தனை சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஈர லுங்கியோடு போய் டைரியில் மணி போட்டு எழுதிச் சுழித்தான். நண்பனின் அம்மா பையன் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்து, "கண்ணு இப்பத் தேவலை. அப்போ குழி விழுந்திருந்தது" என்றார். அப்புறம் அவரே ஸ்பூனை வாங்கிக்கொண்டு, "நீ போய் துணி மாத்துடா" என்றார்.

காலையில் டாக்டர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் டைரியைத்தான் வாங்கிப் பார்த்தாராம். பேதியில் ரத்தம் இல்லை, காய்ச்சல் அதிகம் இல்லை, வைரஸாகத்தான் இருக்கும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓ.ஆர்.எஸ்.ஸைத் தொடரச் சொல்லி, ஜிங்க் மாத்திரை 14 நாளைக்கு எழுதியிருக்கிறார். நாலாம் நாள் நண்பன் போன் பண்ணினான். "பையன் ஓடறான்டா. மாத்திரையை நிறுத்திடலாமா?"

"பிரீமியத்தை நாலாவது மாசம் நிறுத்தினா உங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "லாப்ஸ்" என்றான். பதினாலு நாளும் கொடுத்தான். பேதி சீக்கிரம் நிற்க மட்டும் இல்லை, அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு மறுபடி வராமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்த ஜிங்க். நம் அரசாங்கத் திட்டத்திலும் 14 நாள்தான் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் இலவசம்.

* * *

வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாதா, எதற்கு இந்தப் பவுடர் என்று அன்றைக்கே மாமனார் கேட்டார். நல்ல கேள்வி. ரிடையர் ஆன பிறகுதான் நம் ஆட்களுக்கு நல்ல கேள்விகள் வருகின்றன.

குடலின் உள்சுவரில் ஒரு கவுன்ட்டர் இருக்கிறது. அது ஜாயின்ட் அக்கவுன்ட் கவுன்ட்டர். உப்பில் இருக்கும் சோடியம் மட்டும் தனியாகப் போய் நின்றால், பேதி சமயத்தில் மரியாதையே கிடைக்காது. குளுக்கோஸும் கூட வந்து கையெழுத்துப் போட்டால், ரெண்டையும் சேர்த்து உள்ளே விடுவார்கள். அவர்கள் உள்ளே போனதும் பின்னாலேயே தண்ணீர் போய்விடும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பின்னால் ஊரே போகிற மாதிரி. கிருமி குடலை எவ்வளவு கலாட்டா பண்ணினாலும் இந்தக் கவுன்ட்டர் மட்டும் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஓ.ஆர்.எஸ்.ஸின் மொத்த ரகசியமும் இதுதான்.

ஆனால் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் கதை உல்டா. உள்ளே போக முடியாத சர்க்கரை குடலில் உட்கார்ந்துகொண்டு, ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கும். பேதி கூடும். 2002-ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் திருத்திய ஃபார்முலாவில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பழச்சாறு பானங்களில் லிட்டருக்கு நூறு கிராமைச் சுற்றிச் சர்க்கரை இருப்பது சர்வசாதாரணம். உப்பு பேருக்குத்தான். அட்டை டப்பா ஆரஞ்சை நான் ஏன் ஓரமாக வைத்தேன் என்பது இப்போது புரியும். கலர் சோடா, கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடர் இதெல்லாமும் அதே ஜாதிதான்.

இந்தப் பெயர் மோசடிக்கு (எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை) ஹைதராபாத்தில் ஒரு குழந்தை டாக்டர் வருஷக்கணக்காகத் தனியாளாகப் போராடினார். 2022-ல் ஒரு தடை வந்தது. அப்புறம் 'இது அது அல்ல' என்று பொடி எழுத்தில் போட்டுக்கொண்டால் போதும் என்று தளர்ந்தது. கடைசியில் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஃபார்முலா இல்லாத எந்தப் பானமும் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடவே கூடாது என்று உத்தரவு போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. எதற்கும், கடையில் வாங்கும்போது பெயரைப் படிக்காதீர்கள். பின்பக்கம் படியுங்கள்.

இந்தப் பவுடர் கரைசல் பெரிய அளவில் தன்னை நிரூபித்துக்கொண்டது நம் பக்கத்தில்தான். 1971. பங்களாதேஷ் யுத்தம். லட்சக்கணக்கான அகதிகள் எல்லையைத் தாண்டி மேற்கு வங்காளத்துக்குள் வந்தார்கள். கூடவே காலராவும். பன்காவ் என்ற எல்லை ஊரில் ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நோயாளிகள். ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போகிறது. திலீப் மஹலனபிஸ் என்ற கல்கத்தா டாக்டர், வேறு வழியே இல்லாமல், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து, நீங்களே புகட்டுங்கள் என்று விட்டார். முப்பது சதவிகிதத்தை ஒட்டி இருந்த சாவு, அவர் கவனித்தவர்களிடம் 3.6 சதவிகிதத்துக்கு இறங்கியது. புகட்டியவர்கள் அம்மா, அண்ணன், மாமா. ஒருத்தருக்கும் மெடிக்கல் சர்ட்டிபிகேட் கிடையாது. 1978-ல் லான்செட் பத்திரிகை, இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாகத்தான் இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. மஹலனபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தோம். நம் வழக்கப்படி, ஆள் போன பிறகு.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பக்கத்துக் கதை. பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பு, 1980-லிருந்து பத்து வருஷம், வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, அரை லிட்டர் தண்ணீருக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என்று சொல்லிக்கொடுத்தது. சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் வீடு! சொல்லிக்கொடுக்கப் போனவர்களுக்குச் சம்பளம் எப்படித் தெரியுமா? எத்தனை வீடு போனீர்கள் என்பதற்கு இல்லை. பின்னாலேயே வேறொருவர் போய், அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, கரைத்துக் காட்டச் சொன்னால் சரியாகக் கரைக்கிறாளா என்று சோதிப்பார். அதற்குத் தகுந்த மாதிரிதான் காசு. எந்த மேனேஜ்மென்ட் குருவும் இதைவிட நல்ல இன்சென்டிவ் ஸ்கீம் போட்டதாக நான் படித்ததில்லை.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அம்மாக்களுக்குப் பாடம் பிசகாமல் தெரிந்தது, ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தால் கொடுக்கவில்லை. காரணங்களைத் தேடியபோது, ஆண்களிடம் யாருமே இதைப்பற்றிப் பேசவில்லை என்பது ஒன்றாக வந்து நின்றது. வெல்லத்தண்ணி என்ன வைத்தியம் என்று வீட்டுத் தலைவர் உதட்டைப் பிதுக்கினால் முடிந்தது கதை. அப்புறம் கடைத்தெருவிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டி வைத்து விளக்கினார்கள். அதற்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது.

* * *

பாக்கெட் கிடைக்காத நேரத்தில் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை. தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. தலை தட்டிய என்பதை ரெண்டு தடவை படியுங்கள். நம் வீடுகளில் ஸ்பூன் என்பது காப்பி போடுகிறவர் மூடைப் பொறுத்தது. அந்த உப்பில் கை தாராளம் காட்டினால் ஆபத்து. இது பாக்கெட் வரும்வரைக்கும்தான்.

பாட்டிகளையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். விடிகாலையில் நண்பனின் அம்மா உப்புப் போட்ட நொய்க் கஞ்சி காய்ச்சினார். அது அக்மார்க் வைத்தியம். அரிசியில் இருக்கும் மாவு உடைந்து குளுக்கோஸாகும். உப்பும் இருக்கிறது. நம் ஜாயின்ட் அக்கவுன்ட்டேதான். அரிசியை வைத்தே தயாரித்த ஓ.ஆர்.எஸ்.ஸும் உண்டு. வயிற்றைக் காயப்போடுவதுதான் தப்பே தவிர, கஞ்சி, இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் என்று வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு "உச்சிக்குழி அமுங்கியிருக்கே" என்று ஒரு பாட்டி சொன்னால், எழுந்து சட்டையை மாட்டுங்கள். நீரிழப்புக்கு அதுவும் ஓர் அடையாளம். பாட்டி நோயைச் சரியாகத்தான் கண்டுபிடிப்பார். வைத்தியத்தில்தான் தொக்கம் எடுக்கிறேன், மந்திரிக்கிறேன் என்று தடம் மாறிவிடுவார்.

எத்தனை கொடுப்பது? ரெண்டு வயசுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50-லிருந்து 100 மில்லி. அதற்கு மேல் பத்து வயசு வரை 100-லிருந்து 200. ஆறு மாசம் ஆகாத குழந்தை என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல் நேராக டாக்டரிடம். அங்கே ஸ்பூன் ஆராய்ச்சி வேண்டாம்.

எப்போது டைரியை மூடிவிட்டு ஆட்டோ பிடிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தை துவண்டு கிடந்தால், எழுப்பினாலும் சரியாக எழாவிட்டால். கண் குழி விழுந்து, அழுதால் கண்ணீர் வராவிட்டால். வயிற்றுத் தோலை ரெண்டு விரலால் லேசாகக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். உடனே சமமாகாமல் மடிப்பு மெள்ள இறங்கினால். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாவிட்டால். கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தால், அல்லது குடிக்கவே முடியாவிட்டால். பேதியில் ரத்தம் தெரிந்தால், காய்ச்சல் கொதித்தால். இதில் ஏதாவது ஒன்று போதும். மொத்தமும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலையில் ஆபீஸ் இருக்கிறதே, விடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். போகிற வழியிலும் ஸ்பூன் நடக்கலாம், குழந்தை விழுங்குகிற நிலையில் இருந்தால்.

கை கழுவுவது பற்றி எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள் என்று தெரியும். டயபர் மாற்றிய பிறகும் ஊட்டுவதற்கு முன்னும் சோப்பு. எழுதிவிட்டேன், புரட்டுங்கள்.

ரோட்டா வைரஸ் என்ற பேர்வழிதான் குழந்தைகளின் கடும் பேதிக்குப் பெரிய முதலாளி. அதற்குச் சொட்டு மருந்து வந்துவிட்டது. 2016-ல் நாலு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் நுழைந்து, 2017-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்தில் போலியோ சொட்டு மாதிரியே வாயில் விடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் முதலானவர்கள் இந்த வைரஸைப் பல வருஷம் துரத்தியிருக்கிறார்கள். போட்டாச்சா என்று உங்கள் மனைவியிடம் கேட்காதீர்கள், தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாதா? வண்டி இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்தக் கவரில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்களே! பீரோவில் எந்தத் தட்டு என்று இன்றைக்கு ராத்திரி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அதன் பக்கத்தில் ரெண்டு பவுடர் பாக்கெட், தேதி பார்த்து.